பி.எட். காலேஜும் பள்ளிக்கூடமும் கைகோக்குறதுன்னா என்ன? புதுசா கேக்குறவங்களுக்கு

சென்னையில அரசுப் பள்ளியிலயோ எய்டட் ஸ்கூல்லயோ படிச்சிருந்தீங்கன்னா இந்த சீசன் ஞாபகம் இருக்கும். திடீர்னு ஒரு நாள் பிரேயர்ல ஏழெட்டு புது முகம் நிக்கும், எல்லாரும் ஒரே கலர் புடவை, கையில சுருட்டி ரப்பர் பேண்ட் போட்ட சார்ட், தோள்ல பெரிய பை. ஹெச்.எம். மைக்ல "இவங்க பி.எட். டீச்சர்ஸ், நம்ம ஸ்கூலுக்கு டிரெய்னிங் வந்திருக்காங்க"ன்னு சொல்லுவாங்க. பசங்களுக்கு ஒரே குஷி, ஏன்னா இந்த மிஸ் அடிக்க மாட்டாங்க, சாக்லேட் குடுப்பாங்க, கடைசி நாள் ஆட்டோகிராஃப் போட்டுட்டு அழுதுட்டே போவாங்க.

நம்ம பக்கத்துல இருந்து பாத்தா அவ்வளவுதான் தெரியும். ஆனா அவங்களை யார் அனுப்புனாங்க, பள்ளிக்கூடம் ஏன் சேத்துக்கிச்சு, அங்க அவங்க கத்துக்கிறதுக்கு யார் பொறுப்பு, காலேஜுக்கும் ஸ்கூலுக்கும் நடுவுல என்னதான் பேச்சுவார்த்தை, இதையெல்லாம் சேத்துதான் கல்வித்துறை ஆளுங்க பள்ளி பல்கலைக்கழகக் கூட்டுன்னு சொல்றாங்க. பேரைக் கேட்டா ஏதோ எம்.ஓ.யூ.ன்னு ஒரு ஒப்பந்தத்துல சைன் பண்ணி சால்வை போத்தி போட்டோ எடுக்குற சமாச்சாரம் மாதிரி இருக்கும் (அதுவும் நடக்குது), விஷயம் அதை விட ரொம்ப சின்ன இடத்துல இருக்கு, கடைசி பெஞ்சுல. அங்க வரேன்.

முதல்ல அடிப்படைக் கேள்வி. டீச்சர் ஆகுறதுக்கு எதுக்கு ரெண்டு இடம்? காலேஜ்லயே முழுசா கத்துக் குடுத்துட்டா என்ன, இல்லைன்னா நேரா ஸ்கூல்ல போய் ஒரு சீனியர் டீச்சர் கூட ரெண்டு வருஷம் நின்னா போதாதா?

காலேஜ் மட்டும் போதாதுங்கிறது ஈஸியா புரியும். மைக்ரோ டீச்சிங்னு ஒண்ணு வச்சிருக்காங்க, 1960கள்ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட்ல ஆரம்பிச்சு உலகம் பூரா போனது, அஞ்சாறு நிமிஷத்துக்கு ஒரே ஒரு திறனை மட்டும் எடுத்து, கேள்வி கேக்குறது மட்டும், கரும்பலகையில எழுதுறது மட்டும்னு பழகணும். நம்ம ஊர் காலேஜ்ல இதுக்கு ஸ்டூடன்ட்ஸா உக்காருறது கூடப் படிக்கிற பி.எட். பசங்கதான். இருவத்தி மூணு வயசு எம்.எஸ்சி. முடிச்ச பொண்ணு ஆறாங்கிளாஸ் புள்ள மாதிரி கை தூக்கி "மிஸ் மிஸ்"னு பதில் சொல்லும், எல்லாம் கரெக்ட்டா சொல்லும். அந்த சுகம் ஸ்கூல்ல முதல் பீரியட்லயே போயிடும்.

ஸ்கூல் மட்டும் போதாதுங்கிறதுதான் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. டான் லார்ட்டின்னு ஒரு அமெரிக்க சமூகவியலாளர் 1975-ல ஒரு கணக்கு சொன்னாரு, ஒருத்தர் பள்ளிப்படிப்பை முடிக்கிறதுக்குள்ள சுமார் 13,000 மணி நேரம் வாத்தியார்களை நேருக்கு நேர் பாத்திருப்பாருன்னு. வேற எந்த வேலைக்கும் இப்படி முன்கூட்டியே பாத்த அனுபவம் கிடையாது. ஆனா நாம பாத்தது பெஞ்சுல இருந்து. டீச்சர் ஏன் அந்தக் கேள்வியை அந்தப் பையன் கிட்ட கேட்டாங்க, ஏன் இன்னிக்கு கணக்கை பாதியில விட்டாங்க, அதெல்லாம் பெஞ்சுல இருந்து தெரியாது. அதனால டிரெய்னிங் இல்லாம நேரா கிளாஸ்ல விட்டா நமக்கு எப்படி சொல்லிக் குடுத்தாங்களோ அப்படியே நாமளும் சொல்லிக் குடுப்போம், நல்லதோ கெட்டதோ. "நாங்கல்லாம் அடி வாங்கித்தான் படிச்சோம்"னு சொல்ற வாத்தியார் அங்கருந்துதான் வராரு. அதை நிறுத்தி, ஏன் எதுக்குன்னு கேக்க வைக்கிறது காலேஜோட வேலை.

டாக்டர் படிப்பை நினைச்சுக்கிட்டா சட்டுனு புரியும். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிக்கிற பசங்களுக்கு ஜி.ஹெச்., அதாவது அரசு பொது மருத்துவமனை, பக்கத்துலயே இருக்கு, அங்க வார்டுல ரவுண்ட்ஸ் கூட்டிட்டுப் போற டாக்டர்தான் காலேஜ்ல கிளாஸும் எடுக்குறாரு, நோயாளியும் பாக்குறாரு. அப்படி ஒரு ஆள் பி.எட்.ல கிடையாது. காலேஜ்ல சொல்லிக் குடுக்குறவருக்கு பள்ளிக்கூடத்துல கிளாஸ் இல்ல, பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்குறவருக்கு காலேஜ்ல வேலை இல்ல. அந்த ரெண்டு பேரையும் எப்படி ஒரே பேச்சுக்குள்ள கொண்டு வர்றதுங்கிறதுதான் இந்தக் கூட்டோட மொத்தப் பிரச்சினையும்.

இதுல சுவாரசியம் என்னன்னா, ஆரம்பக் கதையில நம்ம மெட்ராஸுக்கும் ஒரு பங்கு இருக்கு. 1789-ல எழும்பூர்ல ஐரோப்பிய சிப்பாய்களோட ஆதரவில்லாத பிள்ளைங்களுக்கான பள்ளிக்கு ஆண்ட்ரூ பெல்னு ஒரு ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பா வந்தாரு. இங்க திண்ணைப் பள்ளியில பசங்க மணல்ல விரலால எழுதிப் படிக்கிறதைப் பாத்து, அதைத் தன்னோட பள்ளியில செய்யச் சொன்னாரு, வாத்தியாருங்க ஒத்துக்கல போல, சரின்னு எட்டு வயசுப் பையன் ஒருத்தனையே சின்னப் பசங்களுக்கு சொல்லிக் குடுக்க வச்சாரு. அதுதான் மெட்ராஸ் சிஸ்டம்னு பேர் வாங்கி இங்கிலாந்து போச்சு, ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ்ங்கிற ஊர்ல அவர் குடுத்த காசுல கட்டின பள்ளிக்கு இன்னிக்கும் மெட்ராஸ் காலேஜ்னுதான் பேரு. அதாவது அந்த முறையில டீச்சர் டிரெய்னிங்னா பள்ளிக்கூடத்துக்குள்ளயே, பெரிய பையன் சின்னப் பையனுக்கு சொல்லிக் குடுத்தே பழகுறது, தனியா காலேஜ்னு எதுவும் இல்ல.

அப்புறம்தான் தனி இடம் வந்துச்சு. இங்க 1856-ல நார்மல் ஸ்கூலா, அதாவது வாத்தியார்களுக்கான பயிற்சிப் பள்ளியா ஆரம்பிச்சதுதான் பின்னாடி சைதாப்பேட்டை டீச்சர்ஸ் காலேஜ் ஆச்சு, பின்னாடி குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன் டிரெய்னிங் எடுத்தது கூட அங்கதான். பீச் ரோட்டுல லேடி வெலிங்டன் கல்லூரியை 1922-ல, விதவைப் பெண்களோட படிப்புக்காக உழைச்ச சகோதரி சுப்பலட்சுமி காலத்துல தொடங்கினப்போ பயிற்சிக் கல்லூரியும் பிராக்டிஸ் ஸ்கூலும் சேந்தேதான் தொடங்குச்சு. அந்தக் காலத்து ஆளுங்களுக்கு அது ஒரு பெரிய தத்துவமா எல்லாம் தெரிஞ்சிருக்காது, டீச்சர் ஆகப் போற பொண்ணுக்கு பக்கத்துலயே பிள்ளைங்க வேணும்ல, அவ்வளவுதான். இன்னிக்கும் சைதாப்பேட்டை வளாகத்துல மாதிரிப் பள்ளி இருக்கு, லேடி வெலிங்டன் வளாகத்துலயும் பள்ளிக்கூடம் இருக்கு.

பிரச்சினை எங்க வந்துச்சுன்னா காலேஜ் எண்ணிக்கை பெருகினப்போ. ஊருக்கு ஊர் பி.எட். காலேஜ், பக்கத்துல பள்ளிக்கூடம் இருக்கா இல்லையான்னு பாக்காம. நாட்டோட கல்வி முழுசையும் ஆராய 1964லருந்து 66 வரைக்கும் வேலை பாத்த கோத்தாரி கமிஷன் அப்பவே எழுதி வச்சிருக்கு, ஆசிரியர் பயிற்சி நிறுவனங்க பல்கலைக்கழகத்துல இருந்தும் தனியா நிக்குது, பள்ளிக்கூடத்துல இருந்தும் தனியா நிக்குது, ஒண்ணுக்கொண்ணும் பேசிக்கிறதில்லைன்னு. அதுக்கப்புறம் ஏறக்குறைய அம்பது வருஷம் கழிச்சு, உச்ச நீதிமன்றம் அமைச்ச நீதிபதி வர்மா கமிஷன் 2012-ல திரும்ப அதே விஷயத்துக்கு வந்து, ஒவ்வொரு பயிற்சி நிறுவனத்துக்கும் ஒரு பள்ளிக்கூடம் ஆய்வுக்கூடம் மாதிரி இணைஞ்சிருக்கணும்னு சொல்லுச்சு. அம்பது வருஷத்துல நோய் மாறல, மருந்துச் சீட்டும் மாறல.

அதுக்கப்புறம் ஒரு நிஜமான மாற்றம் வந்துச்சு, அதை ஒத்துக்கணும். ஆசிரியர் கல்விக்கான தேசிய கவுன்சில், அதாங்க என்.சி.டி.இ., 2014-ல புது விதிமுறை போட்டு ஒரு வருஷ பி.எட்.டை ரெண்டு வருஷம் ஆக்குச்சு, அதுல 20 வாரம் பள்ளிக்கூடத்துக்குன்னு ஒதுக்குச்சு, ஆரம்பத்துல 4 வாரம் பாத்து பழக, அப்புறம் 16 வாரம் இன்டர்ன்ஷிப். முன்னாடி ஒரு மாசம் ஒன்றரை மாசம் டீச்சிங் பிராக்டிஸ்னு ஓடிட்டு இருந்த இடத்துல இது பெரிய தாவல். ஒரே ஸ்கூல்ல பத்து இருவது பேரைக் கொண்டு போய் கொட்டக் கூடாதுன்னு கூட கணக்கு வச்சிருக்காங்க, 1000 பிள்ளைங்க வரைக்கும் இருக்குற பள்ளிக்கு 10 டிரெய்னிக்கு மேல கூடாது, 2000 வரைக்கும் இருந்தா 20. காலேஜ் தனக்கு எந்தெந்த பள்ளி இடம் குடுக்கும்னு எழுதி வாங்கிக் காட்டணும். 2020 தேசியக் கல்விக் கொள்கையிலயும் ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனமும் அரசு, தனியார் பள்ளிகளோட ஒரு வலைப்பின்னல் வச்சுக்கணும்னு ஒரு வரி இருக்கு. அந்தக் கொள்கையை தமிழ்நாடு ஏத்துக்கலைங்கிறது வேற சண்டை, இந்த ஒரு வரியில யாருக்கும் சண்டை இருக்காதுன்னு நினைக்கிறேன்.

சரி, நம்ம ஊர்ல இது எப்படி நடக்குது? பல்கலைக்கழகம்னு சொல்றப்போ நம்ம மாநிலத்துல பி.எட்.டுக்கு முக்கியமா காரப்பாக்கத்துல இருக்குற தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம், 2008-ல வந்தது. ஆனா அது சிலபஸ் போடும், எக்ஸாம் வைக்கும், டிகிரி குடுக்கும். ஸ்டூடன்ட் இருக்குறது அது கீழ வர்ற காலேஜ்ல. பிள்ளைங்க இருக்குறது பள்ளிக்கல்வித் துறை கீழ வர்ற ஸ்கூல்ல. ஆக மூணு மாடி. வெளிநாட்டுக் கட்டுரையில பள்ளியும் பல்கலைக்கழகமும் உக்காந்து பேசி பாடத்திட்டம் போட்டாங்கன்னு படிச்சா நமக்கு ஏன் ஒட்டாத மாதிரி இருக்குன்னா இதான், இங்க பல்கலைக்கழகத்தையும் எட்டாங்கிளாஸ் டீச்சரையும் ஒரே ரூம்ல உக்கார வைக்க ரெண்டு துறையோட கையெழுத்து வேணும்.

நடக்குறது இப்படித்தான். அரசு, எய்டட் பள்ளின்னா சி.இ.ஓ., அதாவது மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் ஆபீஸ்ல அனுமதி வாங்கணும். லெட்டர் ஹெச்.எம். கிட்ட வரும். ஹெச்.எம். ஸ்டாஃப் ரூமுக்கு வந்து, "மேத்ஸ் ரெண்டு பேர், நீங்க பாத்துக்கோங்க மிஸ்"னு சொல்லுவாங்க. அவ்வளவுதான், நீங்க கைடு டீச்சர் ஆயிட்டீங்க. அதுக்குன்னு ஒரு நாள் டிரெய்னிங் கிடையாது, ஒரு பீரியட் குறையாது, காசு கிடையாது, பெரும்பாலும் ஒரு நன்றிக் கடிதம் கூட ஹெச்.எம். பேருக்குத்தான் வரும். நான் வடசென்னையில ஒரு பள்ளிக்கூடத்துல கணக்கு எடுக்குறவ, வருஷா வருஷம் ரெண்டு மூணு பேர் வராங்க, அதனால இதை கொஞ்சம் உரிமையோடவே சொல்றேன்.

இந்த ஏற்பாட்டுல என்ன கெட்டுப் போகுதுன்னு சொல்ல எனக்கு ஒரு கிளாஸ் போதும். ஏழாங்கிளாஸ், பின்னம் கூட்டுறது. டிரெய்னி பொண்ணு தெர்மாகோல்ல அழகா பீட்சா வெட்டிக் கொண்டு வந்திருந்துச்சு, கலர் பேப்பர் எல்லாம் ஒட்டி, ராத்திரி பூரா உக்காந்து பண்ணிருக்கும். லெசன் பிளான்ல ஒரு பிழை இல்ல. காலேஜ்ல இருந்து மேடம் அப்சர்வேஷனுக்கு வந்து உக்காந்திருக்காங்க. பொண்ணு போர்டுல 1/2 + 1/3 எழுதி "யார் சொல்றீங்க?"ன்னு கேட்டுச்சு, முன் பெஞ்சுல ஒருத்தன் எந்திரிச்சு கணீர்னு "2/5 மிஸ்"னான். பொண்ணுக்கு முகம் மாறிடுச்சு, "தப்பு, உக்காரு, வேற யாரு?"ன்னு கேட்டு, யாரும் சொல்லாததால தானே 5/6னு எழுதி, மீ.பொ.ம. எடுக்குற முறையைப் போட்டு, மணி அடிக்கிறதுக்குள்ள மூணு கணக்கு முடிச்சுது. மேடம் ரெக்கார்ட்ல எழுதிட்டுப் போனது, கையெழுத்து நல்லா இருக்கு, குரல் கடைசி வரைக்கும் கேக்கணும், டீச்சிங் எய்ட் அருமை. எல்லாம் உண்மைதான். அவங்களுக்கு அன்னிக்கே இன்னும் ரெண்டு ஸ்கூல் போகணும், ட்ராஃபிக்ல.

மத்தியானம் சாப்பாட்டு டைம்ல நான் கேட்டேன், "அவன் ஏன் 2/5 சொன்னான்னு கேட்டியாம்மா?" "இல்ல மேடம், தப்பா சொல்லிட்டான்." "எப்படி தப்பு பண்ணான்?" ஒரு நிமிஷம் யோசிச்சு, "மேல இருக்குறதை மேலயும் கீழ இருக்குறதை கீழயும் கூட்டிட்டான்"னுச்சு. "சரி, 2/5 அரையை விடச் சின்னது. அரையோட இன்னும் கொஞ்சம் சேத்தா அரையை விடக் குறையுமான்னு அவனையே கேட்டிருந்தா?" அந்தப் பொண்ணு சாப்பாட்டை அப்படியே வச்சுட்டு என்னைப் பாத்துச்சு. அப்புறம் அதுவே சொல்லுச்சு, "மேடம், இதை எங்களுக்கு பெடகாஜி, அதான் கற்பிக்கும் முறை பேப்பர்ல நடத்திருக்காங்க, பிள்ளைங்களோட தவறான புரிதல்னு ஒரு யூனிட்டே இருக்கு, நான் எக்ஸாம்ல எழுதிருக்கேன்."

அங்கதான் விஷயமே இருக்கு. காலேஜ் அந்தப் பாடத்தை நடத்தாம விடல. பொண்ணு படிக்காம இல்ல. அந்த யூனிட்டும் அந்தப் பையனும் ஒரே நேரத்துல ஒரே இடத்துல இருந்தும் சந்திச்சுக்கல. காலேஜ் மேடத்துக்கு அந்த யூனிட் தெரியும், அந்தப் பையனைத் தெரியாது. எனக்கு அந்தப் பையனைத் தெரியும், அவன் கத்திச் சொல்றதெல்லாம் தப்பாத்தான் இருக்கும் ஆனா யோசிச்சுத்தான் சொல்லுவான்னு, ஆனா அந்த யூனிட்ல என்ன இருக்குன்னு யாரும் என்கிட்ட சொல்லல, நான் பி.எட். முடிச்சு இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு. மூணு பேரும் ஒரு அரை மணி நேரம் உக்காந்திருந்தா அந்தப் பொண்ணுக்கு அன்னிக்கே ஒரு செமஸ்டர் பாடம் கிடைச்சிருக்கும். எனக்கும்தான். கூட்டுங்கிறது அந்த அரை மணி நேரம். மத்ததெல்லாம் அதுக்கு இடம் பண்ணிக் குடுக்குற ஆபீஸ் வேலை.

இதை மனசுல வச்சுக்கிட்டு மத்த ஊர்ல என்ன பண்ணாங்கன்னு பாத்தா எல்லாமே இந்த அரை மணி நேரத்துக்கான வேற வேற ஏற்பாடுதான்னு தெரியும்.

ஒரு வழி, பல்கலைக்கழகமே சொந்தமா பள்ளிக்கூடம் நடத்துறது. சிகாகோ பல்கலைக்கழகத்துல ஜான் டூயிங்கிற தத்துவப் பேராசிரியர் 1896-ல ஒரு பள்ளி ஆரம்பிச்சாரு, ஆனா அவருக்கு முக்கியம் கல்வி பத்தின யோசனைகளை நிஜப் பிள்ளைங்களை வச்சு சோதிச்சுப் பாக்குறது. டீச்சர் டிரெய்னிங்குக்கே இதை முழுசா பிடிச்சுக்கிட்டது ஃபின்லாந்து, அங்க பல்கலைக்கழகத்தோட சேந்த பயிற்சிப் பள்ளிங்க இருக்கு, அந்தப் பள்ளி டீச்சரோட வேலையிலயே பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்குறதும் டிரெய்னிக்கு வழிகாட்டுறதும் ரெண்டும் அடக்கம், சும்மா தலையில கட்டுறது இல்ல. நம்ம நாட்டுலயும் இது இருக்கு, 1963-ல ஆரம்பிச்ச மண்டலக் கல்வி நிறுவனங்கள்ல, நமக்குப் பக்கத்துல மைசூர்ல இருக்கு, வளாகத்துக்குள்ளயே மாதிரிப் பள்ளி. இந்த வழியில ஒரு குறை, அந்தப் பள்ளி எப்பவும் நல்லாவே இருக்கும். அங்க பழகிட்டு, அம்பது பிள்ளைங்க, ஒரே ஃபேன், பக்கத்து கிளாஸுக்கும் நமக்கும் நடுவுல ஒரு தட்டின்னு இருக்குற இடத்துக்கு வேலைக்குப் போனா முதல் மாசம் தலை சுத்திடும்.

இன்னொரு வழி, பொறுப்பை சட்டமாவே பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துடுறது. இங்கிலாந்துல 1987-ல ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகமும் சுத்தி இருந்த பள்ளிகளும் சேந்து ஒரு இன்டர்ன்ஷிப் திட்டம் ஆரம்பிச்சாங்க, டிரெய்னி வருஷத்துல பெரும்பகுதி ஒரே பள்ளியில, அங்க ஒரு மென்டார், காலேஜ்ல ஒரு டியூட்டர், ரெண்டு பேரும் சேந்தே திட்டம் போடணும். மென்டார் சொல்றதும் டியூட்டர் சொல்றதும் முரண்பட்டா பரவால்ல, ரெண்டையும் டிரெய்னி சோதிச்சுப் பாக்கட்டும்னு அதை பாடமாவே வச்சாங்க, அது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். 1992-ல அரசாங்கம் இதை நாடு பூரா கொண்டு வந்துச்சு, உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்கான 36 வார கோர்ஸ்ல 24 வாரம் பள்ளியில, ஆள் எடுக்குறதுல இருந்து மார்க் போடுற வரைக்கும் பள்ளிக்கும் பங்கு, அதுக்கு பல்கலைக்கழகம் பள்ளிக்குக் காசும் குடுக்கணும். கேக்க நல்லா இருக்குல்ல? ஆனா அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பல்கலைக்கழகமே எதுக்குன்னு கேக்குற பக்கம் போச்சு, அடுத்த வருஷமே பள்ளிகள் சேந்து தாங்களே டிரெய்னிங் நடத்தலாம்னு வழி திறந்தாங்க. ஒரு பக்கம் ரொம்ப சாஞ்சா எழும்பூர்ல பெல் வச்சிருந்த முறைக்கே திரும்பிடுவோம்.

அமெரிக்காவுல ஹோம்ஸ் குரூப்னு கல்வியியல் டீன்கள் சேந்து 1986-லருந்து சில பள்ளிகளை பல்கலைக்கழகத்தோட கூட்டாளியா மாத்தணும்னு தள்ளினாங்க, பள்ளி டீச்சரும் ஆராய்ச்சியில இருக்கணும், பேராசிரியரும் பள்ளியில நேரம் செலவு பண்ணணும்னு. பாஸ்டன்ல 2003-ல ரெசிடென்சி முறை வந்துச்சு, முழு வருஷமும் ஒரே மென்டாரோட கிளாஸ்ல. நல்லா ஓடுன இடமும் உண்டு, பணம் நின்னதும் படுத்த இடமும் உண்டு. அதுல ரொம்ப உள்ள போகல.

நம்ம கதைக்கு வரேன். நம்ம ஊர்ல ஃபின்லாந்து மாதிரி கட்டிடம் வேணும்னு நான் கேக்கல. 16 வாரம் ஏற்கெனவே சட்டத்துல இருக்கு, அதுவே பெரிய சொத்து. அந்த 16 வாரம் எப்படிக் கரையுதுன்னு மட்டும் பாருங்க. முதல் வாரம் பள்ளிக்கூடத்துக்கு அவங்க யாருன்னே தெரியாது. அப்புறம் தெரிஞ்சதும், ஆஹா ஆள் கிடைச்சுதுன்னு, லீவ் போட்ட டீச்சர் கிளாஸுக்கெல்லாம் அனுப்புவாங்க, தமிழ் டிரெய்னி சயின்ஸ் பீரியட்ல போய் உக்காந்து "சத்தம் போடாதீங்க"ன்னு சொல்லிட்டு வரும். எமிஸ்ல, அதான் கல்வித்துறையோட ஆன்லைன் பதிவுல, என்ட்ரி போட, நோட்டு புக் எண்ண, பரிட்சை பேப்பர் கட்டு கட்ட. இதெல்லாம் ஸ்கூல் வாழ்க்கைதான், கொஞ்சம் செய்யலாம், தப்பில்ல, ஆனா அதுவே வேலை ஆயிடக் கூடாது. இன்னொரு பக்கம், பத்தாங்கிளாஸ், பிளஸ் டூவை கைடு டீச்சர் குடுக்கவே மாட்டாங்க, போர்ஷன் முடியலைன்னா பதில் சொல்ல வேண்டியது அவங்கதான், டிரெய்னி இல்ல. நானும் குடுக்க மாட்டேன். காலேஜ்காரங்களுக்கு இது வருத்தம், ஆனா அவங்க யாரும் வந்து "உங்க போர்ஷன் எங்க நிக்குது மிஸ், நாங்க எந்தப் பாடத்தை எடுத்தா உங்களுக்கு உதவியா இருக்கும்"னு கேட்டதில்ல.

காலேஜ் பக்கமும் கஷ்டம் உண்டு, அதையும் சொல்லணும். ஒரு லெக்சரருக்குப் பதினஞ்சு டிரெய்னி, ஆவடியில ரெண்டு பேர், பெரம்பூர்ல மூணு பேர், பல்லாவரத்துல நாலு பேருன்னு சிதறிக் கிடப்பாங்க, பஸ்ஸுக்கும் ட்ரெயினுக்கும் போக மிச்ச நேரத்துல அப்சர்வேஷன். அவங்களுக்கும் அங்க ரெக்கார்ட் நோட்ல கையெழுத்து, வைவா, எக்ஸ்டர்னல்னு வெளியிலருந்து வர்ற தேர்வாளர்னு வரிசையா நிக்குது. கடைசியில எல்லாம் ரெக்கார்டுக்குள்ள போய் உக்காந்துடும். பிரவுன் அட்டை போட்டு, ஸ்கெட்ச் பென்ல பார்டர் கட்டி, முப்பது லெசன் பிளானும் ஒரே மாதிரி. ஒரு வருஷம் எழுதினதை அடுத்த பேட்ச் காப்பி அடிக்கிறதும் நடக்குது, இல்லைன்னு சொல்ல முடியாது. சில காலேஜ்ல டிரெய்னி பள்ளிக்கூடத்துக்கே வராம ஹெச்.எம். சீல் மட்டும் வாங்கிட்டுப் போறாங்கன்னு பேச்சு அடிபடுறது பி.எட். படிச்ச யாருக்கும் புதுசு இல்ல.

அப்போ என்னதான் செய்யலாம்னா, பெரிசா ஒண்ணும் வேண்டாம். டிரெய்னிங்களை இருவது பள்ளிக்கு ரெண்டு ரெண்டா தூவுறதுக்குப் பதிலா, ஒரு பள்ளிக்கு பத்து பேருங்கிற அந்த வரம்புக்குள்ள அடங்குற மாதிரி, நாலஞ்சு பள்ளிக்கு வருஷா வருஷம் அதே பள்ளிக்கே அனுப்பினா, லெக்சரர் ஒரு நாள் முழுக்க ஒரே பள்ளியில உக்கார முடியும், ரெண்டாவது வருஷம் எங்களுக்கும் அவங்க பேர் தெரியும். ஜூன்ல பள்ளி திறக்கும்போதே வருஷ போர்ஷனைப் பாத்து எந்த வாரம் எந்தப் பாடம் டிரெய்னிக்குன்னு பேசி வச்சுக்கலாம். கைடு டீச்சருக்கு வாரத்துல ஒரே ஒரு பீரியட் குறைச்சுக் குடுக்கணும், டைம் டேபிள்ல எழுதி, இல்லைன்னா அந்த சாப்பாட்டு டைம் தவிர வேற நேரம் கிடைக்காது. அப்புறம் மார்க். டிரெய்னியோட மார்க்ல கைடு டீச்சர் கையெழுத்து போடுறாங்களே தவிர அவங்க சொல்றதுக்கு எவ்வளவு எடை இருக்குன்னு அவங்களுக்கே சொல்றதில்ல, பதினாறு வாரம் பாத்தவங்களை விட ஒரு மணி நேரம் பாத்த எக்ஸ்டர்னல் பேச்சுக்கு மதிப்பு அதிகம்னா டிரெய்னி யார் பேச்சைக் கேக்கும்? அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல.

காலேஜும் பதிலுக்கு ஏதாவது குடுக்கணும், சும்மா வாங்கிக்கிட்டே இருந்தா அது கூட்டு இல்ல, விருந்தாளி. காசா இருக்கணும்னு இல்ல. பின்னத்துல ஏன் வருஷா வருஷம் அதே தப்பு வருதுன்னு எங்க ஸ்கூல் பிள்ளைங்க நோட்டை வச்சு காலேஜ் ஒரு சின்ன ஆய்வு பண்ணி, முடிவை எங்க ஸ்டாஃப் ரூம்ல வந்து சொன்னா நான் சனிக்கிழமை கூட வந்து உக்காருவேன். எம்.எட். பண்ற பிள்ளைங்களுக்கு டெஸர்ட்டேஷன் தலைப்பு எங்கயோ தேடுறாங்க, எங்க கிட்ட ஒரு பீரோ நிறையத் தலைப்பு இருக்கு.

நீங்க இந்த வருஷம் பி.எட். சேரப் போறீங்கன்னா, இல்ல வீட்டுல யாரையாவது சேக்கப் போறீங்கன்னா, அட்மிஷனுக்குப் போறப்போ ஏ.சி. கிளாஸ் ரூமையும் பஸ் ரூட்டையும் மட்டும் விசாரிக்காம இதையும் கேளுங்க. இன்டர்ன்ஷிப்புக்கு எந்தெந்த பள்ளிக்கு அனுப்புறீங்க, போன வருஷமும் அதே பள்ளிதானா, உங்க லெக்சரர் ஒரு டிரெய்னியை எத்தனை தடவை வந்து பாப்பாங்க, வந்தா கைடு டீச்சரோட உக்காந்து பேசுவாங்களா. ஆபீஸ்ல இதுக்கு "எல்லாம் நல்ல ஸ்கூல்தாம்மா"ன்னு ஒரு பதில் வரும். அது போதாது, வெளிய வந்து சீனியர் யாரையாவது பிடிச்சு ஒரு டீயை வாங்கிக் குடுத்து, "உன் கைடு டீச்சர் உன் கிளாஸ்ல கடைசி பெஞ்சுல உக்காந்தாங்களா, இல்ல நீ உள்ள போனதும் ஸ்டாஃப் ரூமுக்குப் போயிட்டாங்களா?"ன்னு கேளுங்க. ஒரு காலேஜ்ல நாலு பேர் "உக்காந்தாங்க"ன்னு சொன்னா அங்க ஃபீஸ் கட்டலாம்.